ஒரு கிளிக், இரண்டு மன்னிப்பு



கொஞ்சம் நீண்ட பதிவு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வேலைக்கு நடுவே, மூன்று நாளாக உட்கார்ந்து தட்டியிருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள். கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். இரண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒருத்தி என் பேத்தி. இன்னொருவன் உங்களில் ஒருவன்.

1980இல் வேலைக்குச் சேர்ந்தது முதல் 2013 மே மாதம் ஓய்வு பெற்றது வரை, ஒவ்வோர் ஆண்டும் எடுத்த குரூப் போட்டோவில் ஒரு பிரதி நான் வாங்கி வைப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். பின்பக்கத்தில் வரிசைப்படி எல்லார் பெயரையும் பேனாவில் எழுதி வைப்பேன். ஓய்வு பெற்ற பிறகு வேறு வேலை இல்லாததால் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர் என்று கம்ப்யூட்டரில் போட்டேன். 1981, 1982 என்று வரிசையாக 33 ஃபோல்டர். உள்ளே படம், பெயர்ப் பட்டியல், சில பேருடைய கல்யாணப் பத்திரிகை, நீங்கள் எழுதிய கடிதங்கள். நல்ல வேளையாகச் செய்தேன். 2018இல் போட்டோக்கள் இருந்த தகரப் பெட்டிக்கு அடியில் கரையான் ஏறி, பாதிக்கு மேல் மண்ணாகிவிட்டது. இன்று பல ஆண்டுகளுக்கு அந்த ஸ்கேன் மட்டும்தான் மிச்சம்.

அந்த லேப்டாப் பழசு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. என் மெஷினில் 11 ஏறாது என்றார்கள். புதிதாக வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் வேலை செய்கிற நம் மாணவர் ஒருவர், "காசை வீணாக்காதீங்க சார், லினக்ஸ் போட்டுத் தர்றேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. லினக்ஸ் மின்ட் என்ற ஒன்றை நிறுவி, படங்களை எல்லாம் பத்திரமாக ஏற்றிக் கொடுத்தார். மதியம் சாப்பிடும்போது, "எங்க கம்பெனியில ஃபோல்டர்னா வேற சார். பேட்லாக் மிஷின்ல பட்டித் துணியை மடிச்சு உள்ளே விடற பாகத்துக்குத்தான் ஃபோல்டர்னு பேரு" என்று சொல்லிச் சிரித்தார். அப்போது நானும் சிரித்தேன். அந்தப் பேச்சை வேறொரு காரணத்துக்காக இப்போது நினைத்துக்கொள்கிறேன். பிறகு சொல்கிறேன்.

டிசம்பரில் அரையாண்டு விடுமுறைக்குப் பேத்தி ஈரோட்டிலிருந்து வந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். லேப்டாப்பில் படம் வரைவாள், பாட்டுக் கேட்பாள். நானும் தடுப்பதில்லை.

அந்த வாரம்தான் 1996ஆம் ஆண்டு பிளஸ் டூ செட் மாணவர்கள் போன் செய்தார்கள். முப்பது வருடம் ஆகிறது, பொங்கல் முடிந்த ஞாயிறு எல்லாரும் கூடுகிறோம், குரூப் போட்டோவைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் சார் என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். அந்தப் படத்தில் கடைசி வரிசையில், இடமிருந்து நான்காவதாக நிற்கும் பையன் இப்போது இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் தவறிவிட்டார். அவர் பள்ளியில் படித்த காலத்துப் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லையாம். மகனுக்குக் காட்ட வேண்டும் என்று அவருடைய மனைவி கேட்டிருக்கிறார்.

"இப்பவே அனுப்பறேன்" என்று போனை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். 1994 இருக்கிறது, 1995 இருக்கிறது, அடுத்தது 1997. நடுவில் 1996 இல்லை.

மேலிருந்து கீழே நான்கு முறை எண்ணினேன். 33 இருக்க வேண்டியது 32தான் இருந்தது. குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தேன், காலி. கை காலெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. கரையான் தின்றதில் அந்த ஆண்டும் ஒன்று. வேறு பிரதி கிடையாது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பேத்தியைக் கூப்பிட்டேன். "நீதானே இதை நோண்டிக்கிட்டு இருந்தே? எதை அழிச்சே?" என்று கேட்டேன். "நான் ஒண்ணுமே பண்ணலீங்க அப்புச்சி" என்றாள். "பொய் சொல்லாதே" என்றேன். முப்பத்து மூன்று வருடம் வகுப்பில் பழகிய குரல் அது. அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை பதில் பேசவில்லை. ராத்திரி சாப்பிடாமல் அம்மிச்சி பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

என் வீட்டுக்காரம்மா மட்டும் சொன்னார்: "ஏனுங்க, அந்தப் புள்ள அழிச்சதை நீங்க பாத்தீங்களா?" நான் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் மறுபடியும் ஃபோல்டர்களைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற பேத்தி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்புச்சி, நீங்க டபுள் கிளிக் பண்றதில்லீங்க. இழுக்கறீங்க" என்றாள்.

எனக்கு இரண்டு வருடமாகக் கை நடுக்கம் இருக்கிறது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். டபுள் கிளிக் என்றால் சுமார் அரை நொடிக்குள் இரண்டு தட்டு, அதுவும் ஒரே இடத்தில். என் கைக்கு முதல் தட்டு சரியாக விழுகிறது. இரண்டாவது தாமதமாகிறது, இல்லை அழுத்தியபடியே விரல் நகர்ந்துவிடுகிறது. நான் திறப்பதாக நினைக்கிறேன். கம்ப்யூட்டரோ, இவர் இந்த ஃபோல்டரைத் தூக்கி நகர்த்துகிறார் என்று எடுத்துக்கொள்கிறது. பக்கத்து ஃபோல்டரின் மேல் விட்டால், நல்ல வேலைக்காரன் மாதிரி எதுவும் கேட்காமல் அதற்குள் வைத்துவிடுகிறது.

பேத்தி கன்ட்ரோல் பொத்தானையும் எஃப் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, தேடும் கட்டத்தில் 1996 என்று தட்டினாள். வந்துவிட்டது. 1997க்கு உள்ளே உட்கார்ந்திருந்தது. தொலைத்தவன் நான். அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. "சாப்பிடு கண்ணு" என்றேன். அது மன்னிப்பு ஆகாது. அதனால்தான் இங்கே, எல்லார் முன்னாலும் எழுதுகிறேன். கண்ணு, நீ எதையும் அழிக்கவில்லை. கண்டுபிடித்துக் கொடுத்தவளும் நீதான். கேட்காமல் பழி போட்டது அப்புச்சியின் தப்பு.

திருப்பூர் மாணவருக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "சார், அதை மாத்திக்கலாமுங்களே! ஒரே கிளிக்ல திறக்கற மாதிரி வெச்சுக்கலாம். நான்தான் அன்னைக்குக் கேக்காம விட்டுட்டேன்."

போனிலேயே சொல்லிக்கொண்டு வந்தார், பேத்தி செய்தாள். ஃபோல்டர்களைக் காட்டும் செயலிக்கு இந்த மின்டில் நெமோ என்று பெயர். அதன் மேல்பட்டியில் எடிட், அதில் பிரிஃபரன்சஸ், அதில் பிகேவியர் என்ற பக்கம். அங்கே ஒரே கிளிக்கில் திறப்பதா, டபுள் கிளிக்கிலா என்று கேட்டிருக்கிறது. ஒரே கிளிக் என்று மாற்றினாள். ஒரு நிமிட வேலை.

அதே பக்கத்தில் இன்னொரு கேள்வியும் இருந்தது: ஃபோல்டரை அதே சன்னலில் திறப்பதா, ஒவ்வொன்றுக்கும் தனிச் சன்னலா? இதென்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி பார்த்திருப்பீர்கள். பக்தர் ஒருவர் கனவில் ஒரு பொருள் வரும். சாமியிடம் பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அதுதான் இருக்கும். வந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியது. ஒரே சன்னலில் திறப்பது அந்த மாதிரி. பெட்டி ஒன்று, உள்ளே இருப்பது மாறிக்கொண்டே வரும். தனித்தனிச் சன்னல் என்பது சமையலறை மாதிரி. அரிசி டப்பா அதன் இடத்தில், பருப்பு டப்பா அதன் இடத்தில், எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணெதிரே. நான் இரண்டு நாள் தனிச் சன்னல் வைத்துப் பார்த்தேன். பதினைந்து சன்னல் திறந்து எது எதன் மேல் என்றே தெரியவில்லை. மறுபடி ஒரே சன்னலுக்கு வந்துவிட்டேன். இரண்டு ஆண்டுப் படங்களை ஒப்பிட வேண்டுமானால் எஃப் 3 பொத்தானை அழுத்துகிறேன், சன்னல் இரண்டு பாதியாகப் பிரிகிறது. போதும்.

இப்படி மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது என்று தெரிந்ததும், இதையெல்லாம் முதலில் யார் முடிவு செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். வாத்தியார் புத்தி. டபுள் கிளிக் பரவியது 1983இல் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா, 1984இல் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டர்களால். அவற்றின் மவுசில் ஒரே ஒரு பொத்தான். இருக்கிற ஒரு பொத்தானால் தேர்வு செய்யவும் வேண்டும், திறக்கவும் வேண்டும். அதனால் ஒரு தட்டு தேர்வு, இரண்டு தட்டு திறப்பு என்று வைத்தார்கள். அந்த மேக்கின்டாஷைச் செய்த குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட், பின்னாளில் ஈசல் என்ற நிறுவனத்தில் சேர்ந்து, லினக்ஸுக்காக நாட்டிலஸ் என்ற ஃபோல்டர் செயலியை உருவாக்கியவர்களில் ஒருவர். 2001இல் அது வெளிவந்தது; அதே ஆண்டு அந்த நிறுவனம் மூடப்பட்டது, செயலி மட்டும் பிழைத்துக்கொண்டது. 2012இல் அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் என் லேப்டாப்பில் இருக்கும் நெமோ. ழூல் வெர்ன் எழுதிய கடல் கதையில் நாட்டிலஸ் என்பது கப்பல், நெமோ அதன் கேப்டன். சின்ன வயதில் அந்தக் கதையைப் படித்தவர்களுக்கு இது பிடிக்கும்.

இதில் என்னை யோசிக்க வைத்தது ஒன்று. இந்த விஷயங்களில் நிபுணர்களே ஒரு முடிவில் நிற்கவில்லை. நாட்டிலஸ் செயலியை வைத்திருந்த க்னோம் திட்டத்தார், 2004இல் ஒவ்வொரு ஃபோல்டரும் தனிச் சன்னலில்தான் திறக்கும், கடைசியாக வைத்த இடத்திலேயே வந்து நிற்கும் என்று மாற்றினார்கள். பலருக்குப் பிடிக்கவில்லை. 2010இல் ஒரே சன்னலுக்குத் திரும்பிவிட்டார்கள். லினக்ஸில் இன்னொரு பெரிய திட்டம் கேடிஈ. அவர்கள் பல வருடம் ஒரே கிளிக்தான் இயல்பு என்று வைத்திருந்து, 2024இல்தான் டபுள் கிளிக்குக்கு மாறினார்கள். அதாவது, இதுதான் சரி, இது தப்பு என்று இதில் எதுவும் இல்லை. பழக்கம்தான். அதனால்தான் கிளிக் விஷயத்தில் பலரும் இரண்டு வழியையும் அமைப்பில் விட்டு வைத்திருக்கிறார்கள்.

இது புரிந்த இரவுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. இனிதான் இரண்டாவது மன்னிப்பு.

2011 செப்டம்பரில் அரசு இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நம் பள்ளிக்கும் வந்தது. அதில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகளுக்கு இயக்கக் கற்றுக்கொடுக்க, கணக்கு வாத்தியாரான நானும் சில வகுப்புகள் எடுத்தேன். எனக்கே அப்போதுதான் பாடம். முதல் நாள் படித்து மறுநாள் சொல்லிக்கொடுப்பேன்.

ஒரு நாள் எல்லாரையும் ஒரு ஃபோல்டரைத் திறக்கச் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒரு பையனுக்கு மட்டும் திறக்கவில்லை. தட்டுகிறான், தட்டுகிறான், நீலமாகிறதே தவிரத் திறக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். நான் நிற்க நிற்க அவனுக்கு இன்னும் பதற்றம். "ரெண்டு தட்டுத் தட்டக்கூடத் தெரியாதா? உனக்கெல்லாம் எதுக்கடா லேப்டாப்?" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் மூடியை மூடிவிட்டான். அந்த வருடம் முழுவதும் என் வகுப்பில் அவன் அதைத் திறக்கவே இல்லை. நானும் திற என்று சொல்லவில்லை.

பரீட்சையெல்லாம் முடிந்த பிறகு வேறொரு பையன் சொன்னான். அவன் சனி ஞாயிறுகளில் அப்பாவோடு பனியன் கம்பெனிக்குப் போவானாம். கைமடி வேலைக்கு நின்றவன், யாரும் இல்லாதபோது ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். ஊசி வலது ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. காயம் ஆறியது, ஆனால் விரல் நுனி விறைத்துப் போய்விட்டது. உணர்ச்சி குறைவு. அந்த விரலை வைத்துக்கொண்டுதான் என் முன்னால் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். கையைப் பற்றி என்னிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்டிருந்தால்தானே சொல்வான்?

"ஐயோ பாவம்" என்று நினைத்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டேன். அதற்குள் அவன் பள்ளியை விட்டுப் போய்விட்டான். இத்தனை வருடம் அதைப் பெரிய குற்றமாக நான் நினைக்கவில்லை. கையில் குறை, மிஷினுக்கு அது தெரியாது, யார் என்ன செய்ய முடியும் என்றுதான் மனதைச் சமாதானம் செய்து வைத்திருந்தேன்.

இப்போது தெரிகிறது. செய்ய முடிந்திருக்கும். அந்த பாஸ் லினக்ஸில் இருந்ததும் க்னோம் மேசைத்தளம், அதே நாட்டிலஸ் செயலி. இன்று என் பேத்தி மாற்றினாளே, அதே எடிட், அதே பிரிஃபரன்சஸ், அதே பிகேவியர் பக்கத்தில், அன்றைக்கும் ஒரே கிளிக் என்ற தேர்வு இருந்தது. விண்டோஸிலும் இருந்தது. ஒரு நிமிட வேலை. ஒரு விரல் நுனிக்காக ஒரு மிஷினை மாற்றலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மிஷின் வந்த மாதிரிதான் இருக்கும், பையன்தான் மாற வேண்டும் என்று நினைத்தேன். அவன் வேலை பார்த்த கம்பெனியில்கூட ஒரு டெய்லர் வந்து உட்கார்ந்தால் முதலில் ஸ்டூலை நகர்த்துவார், மிதியைத் தன் காலுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்வார், பட்டிக்குத் தகுந்த ஃபோல்டரை மாட்டுவார், பிறகுதான் துணியைத் தொடுவார். திருப்பூர் மாணவர் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த ஃபோல்டரைத்தான் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் தெரிந்திருந்தது வகுப்பறையில் எனக்குத் தெரியவில்லை.

கணக்கிலும் நான் அப்படித்தான் இருந்திருப்பேனோ என்று இப்போது பயமாக இருக்கிறது. என் வழியில் போடாமல் வேறு வழியில் விடை கொண்டுவந்தவர்களுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். உங்களில் சிலருக்கு அது நினைவிருக்கும்.

தம்பி, உன் பெயரை நான் மறக்கவில்லை. இங்கே எழுதினால் உனக்குச் சங்கடமாக இருக்கலாம் என்று எழுதவில்லை. 2012ஆம் ஆண்டு ஃபோல்டரில், இரண்டாவது வரிசையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாய். வேறு யாரும் கையைப் பின்னால் கட்டவில்லை. அன்று ஸ்கேன் செய்யும்போது அது என் கண்ணில் படவில்லை. இந்தப் பதிவு உன்னிடம் வந்து சேர்ந்தால், தப்பு உன் விரலில் இல்லை, என்னிடம்தான் என்று தெரிந்துகொள். முடிந்தால் ஒரு போன் செய். இல்லாவிட்டாலும் சரி.

கடைசியாக, என் வயதுக்காரர்களுக்கும், வீட்டில் பெரியவர்களை வைத்திருப்பவர்களுக்கும் சில குறிப்புகள். வாத்தியார் என்றால் பாடம் எடுக்காமல் விடமாட்டார் என்று சிரித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே கிளிக் வசதி இருக்கிறது. விண்டோஸில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில், லினக்ஸில் பெரும்பாலும் ஃபோல்டர் செயலியின் பிரிஃபரன்சஸில். உங்கள் அப்பா அம்மா தட்டுவதைப் பின்னால் நின்று ஒரு நிமிடம் பாருங்கள். என் பேத்தி பார்த்தது போல. அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மவுஸ் அமைப்பில், டபுள் கிளிக்குக்கான நேரத்தைக் கூட்டலாம். எவ்வளவு தூரம் நகர்ந்தால் இழுப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் மின்டில் கூட்டி வைக்கலாம். நடுங்கும் கைக்கு ஒரே கிளிக்கைவிட இது இன்னும் முக்கியம். ஒரே கிளிக் வைத்தாலும் விரல் அழுத்தியபடி நகர்ந்தால் இழுப்புதான்.

ஒரே கிளிக் வைத்தபின், திறக்காமல் தேர்வு மட்டும் செய்ய, கன்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு தட்டுங்கள். பழைய பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் ஒரே படம் இரண்டு முறை திறக்கும். முதல் வாரம் எனக்கு எல்லாமே இரட்டைப் பிள்ளைகளாகத்தான் வந்தன. பழகிவிடும்.

ஏதாவது இடம் மாறிப்போனது உடனே தெரிந்தால், கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்துங்கள். நகர்த்தியது பழைய இடத்துக்கே திரும்பும். நாள் கடந்துவிட்டால் தேடித்தான் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொரு பிரதி வையுங்கள். 33 ஃபோல்டரையும் இப்போது இரண்டு பென் டிரைவில் ஏற்றியாகிவிட்டது. ஒன்று என் பீரோவில், ஒன்று பேத்தியின் பள்ளிப் பையில் ஈரோட்டுக்குப் போயிருக்கிறது. பொறுப்பை அவளிடம் கொடுத்திருக்கிறேன். "தொலைச்சா என்னைக் கேப்பீங்களா அப்புச்சி?" என்றாள். "முதல்ல தேடிப் பாத்துட்டுத்தான் கேப்பேன்" என்றேன்.

1996 செட்டுக்காரர்களே, படத்தை அனுப்பிவிட்டேன். கடைசி வரிசையில் நான்காவது ஆளை மட்டும் தனியாகப் பெரிதாக்கி, அந்த வீட்டுக்கும் நேற்றே அனுப்பியாகிவிட்டது. மகன் அப்பா மாதிரியே இருக்கிறானாம்.

மற்ற ஆண்டுக்காரர்களுக்கும் படம் வேண்டுமென்றால் கீழே ஆண்டைக் குறிப்பிடுங்கள். ஒரு கிளிக்கில் எடுத்துத் தருகிறேன். அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
காங்கேயம்.